மயில் பார்டர் ஃபோல்டர்

எந்தக் கம்ப்யூட்டரிலும் ப்ளக்இன் என்கிற துணை நிரல்களை ஏற்றும் என்று பீற்றிக்கொண்டு எங்கள் புடவை டிசைன் சாஃப்ட்வேருக்கு நான் எழுதிய நிரல் லைப்ரரி, சேவூரில் தறி வைத்திருக்கும் ஓர் அக்காவின் வீட்டில் படுத்துவிட்டது. 'ஏற்ற முடியவில்லை' என்பதற்கு மேல் அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எதையாவது அழிச்சிருப்பீங்க" என்று மூன்று நாள் போனில் அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

நேரில் போய்ப் பார்த்தால், ப்ளக்இன் இருந்த ஃபோல்டருக்குத் தமிழில் 'மயில் பார்டர்' என்று பேர் வைத்திருந்தார். அந்தப் பேரைப் படிக்க என் லைப்ரரிக்குத் தெரியவில்லை. ஆங்கிலப் பேர்களை மட்டுமே வைத்துச் சோதித்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த ஆத்திரத்திலும், "பேர இங்கிலீஷ்ல மாத்திடுங்க" என்றுதான் வாய் சொன்னது.

"எல்லாமே தமிழ்ல இருக்குதுன்னு சொல்லித்தானே என்கிட்ட வித்தீங்க?" என்று கேட்டார் அக்கா.