துண்டில் இருந்த பல் தடம்

என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டது. "இனி ஆபரேஷன் பண்ண முடியாதும்மா, வலியில்லாம வெச்சுக்கங்க" என்று தர்மபுரி டாக்டர் மாத்திரை கொடுத்து எங்களைச் சொந்த ஊரான இண்டூருக்கே அனுப்பிவிட்டார். முதலில் ஊரே கேட்கக் கத்தியவர், போகப் போக அடங்கிவிட்டார். டிரான்சிஸ்டரில் பாட்டுக்கூடக் கேட்டார். பார்க்க வந்தவர்கள், "மனுசன் தேறிட்டாருங்க" என்றார்கள். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரிடமும் அதையே சொன்னேன். அவர் அளவைப் பாதியாக்கிவிட்டார்.

மறுநாள் அவருடைய துண்டைத் துவைக்க எடுத்தேன். ஓரமெல்லாம் பல்லால் கடிபட்டு, கந்தலாகி, ரத்தக் கறையோடு இருந்தது. அதை அப்படியே அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏங்க, இது என்னங்க?"

"நான் கத்தினா நீ சோறு திங்க மாட்டேங்கற புள்ள. ரெண்டு பேரும் எதுக்குச் சாவணும்?"

அடுத்த பஸ்ஸில் ஓடி, டாக்டர் முன்னால் அந்தத் துண்டை விரித்தேன். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். பிறகு இருந்த கொஞ்ச நாளும் என் வீட்டுக்காரர் வாயில் துணியில்லாமல் தூங்கினார்.

இப்போதெல்லாம் நோயாளியைப் பார்க்கப் போனால், "தேறிட்டீங்க" என்று நான் சொல்வதில்லை. வீட்டில் உள்ளவர்கள் அந்தப் பக்கம் நகரும்வரை உட்கார்ந்திருந்து, "எங்கங்க வலிக்குது? எங்கிட்டச் சொல்லுங்க, நான் அழமாட்டேன்" என்று கேட்கிறேன்.