அசையாமல் நின்ற கை

மின்னஞ்சலில் அசைகிற படம் ஒன்றைப் போட்டால் வாடிக்கையாளர் தேடி வருவார் என்று சொன்ன அந்த வீடியோக்காரனை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. சிரித்துச் சிரித்துச் சொன்னான். வெறும் எழுத்தை யாரும் வாசிக்க மாட்டார்களாம். மனிதர் ஒருவர் அசைந்தால் கண் தானாக அங்கே போகுமாம். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? நானாவின், என் அண்ணனின், பயணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

யுத்தம் முடிந்து, கற்பிட்டிக் கடலில் டொல்பின் பார்க்க வெள்ளைக்காரர் வரத் தொடங்கிய காலம். குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் நானாவுக்கு ஒரு படகு இருந்தது. மீன் குறைந்தபின் அதற்கு வெள்ளைப் பெயின்ற் அடித்து, இருக்கை பூட்டி, சுற்றுலாவுக்கு விடப் பார்த்தார். வருகிறவர்களை எல்லாம் ஹோட்டல்காரர்களே தங்கள் படகுகளில் ஏற்றிக்கொண்டார்கள். கடைசியில் கட்டாருக்கு வேலை விசா வந்தது. நானாவின் மனைவி, எங்கள் மச்சி, அப்போது பிள்ளைத்தாச்சி. கலியாணமாகிப் பல வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. நானாவோ சின்ன வயதில், யுத்தத்தில் விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். இன்னொருதரம் வீட்டை விட்டுப் போக அவருக்கு மனமே இல்லை. சீசன் தொடங்க முன் வெளிநாட்டுச் சுற்றுலா ஏஜென்சி ஒன்றாவது படகுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னால் டிக்கற்றைக் கிழித்துப் போடுவேன் என்றார்.

நான் கற்பிட்டி ரவுணில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்தேன். போட்டோக்கொப்பி அடிப்பது, ஊராருக்கு மெயில் அனுப்பிக் கொடுப்பது, இவைதான் தொழில். ஆகவே ஏஜென்சிகளுக்கு எழுதுவதும் என் பொறுப்பானது.

படம் பிடிக்கிற அன்று நானா பெருநாள் சேர்ட் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்தார். பெண் பார்க்கவா போகிறீர்கள் என்று நான் கேட்க, மச்சி விழுந்து விழுந்து சிரித்தார். படகின் முன்பக்கம் ஏறி நின்று, எங்கள் ஊரில் ஆளைக் கூப்பிடுகிற மாதிரியே, கையை உயர்த்தி விரல்களைக் கீழே மடக்கி மடக்கிக் கூப்பிட்டார். வாங்க, வாங்க என்று வாயாலும் சொன்னார். படத்தில் சத்தம் வராது என்று நான் சொல்லியும் அவர் கேட்கவில்லை. கை நன்றாக உயர்ந்த இடத்திலிருந்து தொடங்கும்படி அதை வெட்டிச் சுருக்கி, ஒவ்வொரு மின்னஞ்சலின் தலையிலும் போட்டு அனுப்பினேன்.

ஓரிடத்திலிருந்தும் மூச்சுப் பேச்சில்லை. மறுபடி அனுப்பினேன். நானா தினமும் கடைக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் கதிரையில் இருப்பார். நான் இல்லையென்று தலையாட்டினால் எழும்பிப் போவார்.

பிறகு படகைச் சிலாபத்தார் ஒருவருக்கு விற்றுவிட்டு விமானம் ஏறினார். பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல, பெற்ற வாப்பா பக்கத்தில் இல்லை. மச்சியின் வாப்பாதான் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ஜெர்மனியிலிருந்து ஒரு பெண்மணி எழுதினார். அவர்கள் அலுவலகக் கணினியில் மின்னஞ்சல் படங்கள் அசையாதாம். முதல் படம் மட்டும் அப்படியே நிற்குமாம். படகில் ஒருவர் உள்ளங்கையைக் காட்டி, நில் என்று மறிப்பதைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சேவையை நிறுத்திவிட்ட அறிவித்தல் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தற்செயலாகக் கைபேசியில் திறந்தபோதுதான் கை அசைந்திருக்கிறது. ஒரு குடும்பம் வருகிறது, படகு கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

கடையில் ஆட்கள் நிற்கவே அழுதேன். யார் மேல் கோபப்படுவது? நானா வாங்க என்று கை காட்டிக் கூப்பிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது.

அன்று பின்னேரம் நானா கட்டாரிலிருந்து வீட்டுக்கு ஃபோன் எடுத்தபோது குடும்பம் வரும் கதையை மட்டும் சொன்னேன். கையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"எத்தன பேராம்?" என்றார்.

ஆறு பேர், அதில் இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றேன்.

"சின்னப் புள்ளைகள முன்னுக்கு வைக்கப்படாது, தண்ணி அடிக்கும். நடுவில இருக்கட்டும். வெள்ளனவே வரச் சொல்லு."

அவர்கள் வரும் நாளில் காற்று எப்படி இருக்கும், எந்தப் பக்கமாகப் போனால் டொல்பின் கூட்டம் அகப்படும் என்று பேசிக்கொண்டே போனார். படகு விற்றதை மறந்துவிட்டார் என்று விளங்கியது. எனக்கு நினைவுபடுத்த மனம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே பேச்சை நிறுத்திவிட்டார். அந்தப் பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"போட் இல்லண்டு எழுதிரு," என்றார். "நல்ல இங்கிலீசுல எழுது. அவங்கட மனசு நோகப்படாது."

எழுதுகிறேன் என்றேன். மகளின் காதில் ஃபோனை வைக்கச் சொன்னார். அவள் பால் குடித்துவிட்டு மச்சியின் மடியில் இப்போதுதான் நித்திரையானாள் என்றேன்.

"எழுப்பு."

எழுப்பினால் அழுவாளே நானா என்றேன்.

"அழட்டும். அவட சத்தம் எனக்குக் கேக்கணும்."

மச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையின் காலில் மெல்லக் கிள்ளினார்.