யேசுதாஸ் தொடாத சிகரம்

மதுரை திருநகர் யேசுதாஸ் மிஷன் பள்ளி ஒன்றில் முப்பது வருடமாகக் கிளார்க். பிள்ளையின் பிறந்த தேதியை ஒரே ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லி வந்த எத்தனையோ பெற்றோரை வந்த வழியே அனுப்பியவர். அதனால் ஊருக்கு அவர்மேல் மரியாதை. கோபமும் உண்டு.

யானைமலையைக்கூட பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்த மனிதரை, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் ஷெரின் இந்தோனேசியாவுக்கு வரவழைத்து ஒரு எரிமலையில் ஏற்றிவிட்டாள். உலகமே வரிசையில் நின்று ஏறுகிற மலை. பாதியில் இவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, கூடாரத்தில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விடியலில் ஷெரினும் மற்றவர்களும் உச்சிக்குப் போனார்கள். அவர்கள் மேலே இருக்கும்போது நிலம் நடுங்கியது. பாறைகள் உருண்டு பாதை அடைபட்டது.

யார் மேலே, யார் கீழே என்று வழிகாட்டிகளுக்கே தெரியவில்லை. யேசுதாஸுக்கு அழுகை வந்தது. கை தானாகப் பேனாவைத் தேடியது. கூடாரங்களில் இருந்தவர்களிடம் விசாரித்து, உச்சிக்குப் போனவர்களைப் பட்டியல் போட்டார். வரிசை எண், பெயர், ஊர், தகப்பனார் பெயர். கணவனை மேலே அனுப்பிவிட்டு அழுதுகொண்டிருந்த ஜெர்மன்காரப் பெண்மணி, இந்த நேரத்தில் என் மாமனார் பெயர் எதற்கு என்று கேட்டு, அதையும் சொல்லி, சிரித்தும்விட்டார். சுற்றுவழியில் ஒவ்வொருவராக இறங்கி வர, அந்தப் பட்டியலை வைத்தே டிக் அடித்தார்கள். முப்பத்தொன்றாவது டிக் ஷெரினுக்கு. முப்பத்து நான்கோடு பட்டியல் முடிந்தது. ஒருவரும் குறையவில்லை.

மதுரை திரும்பினால் தெருமுனையில் ஃப்ளெக்ஸ். ‘சிகரம் தொட்ட சிங்கமே, பூகம்பத்தைப் புறங்கண்டவரே, வருக.’ ஆதார் அட்டைப் படத்துக்குக் கம்பளிக் குல்லா மாட்டி, பனிமலையில் நிறுத்தியிருந்தார்கள். அந்த எரிமலையில் பனியே கிடையாது. உபயம், மைத்துனர் ஸ்டீபன்.

“நான் எங்க மாப்ள உச்சிக்குப் போனேன்? முட்டி பிடிச்சு உக்காந்துட்டேன். போனது ஷெரின்.”

“மலை மேலதான மச்சான் உக்காந்தீங்க? ‘பாதி மலை ஏறியவரே’ன்னு போட்டா எவன் நின்னு பாப்பான்?”

“லிஸ்ட் எழுதுனேனே, அதப் போட்டிருக்கலாம்ல.”

“கிளார்க்கு லிஸ்ட் எழுதுனாருன்னு ஃப்ளெக்ஸா? சிரிக்க மாட்டாய்ங்களா?”

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சாட்சி சொல்ல வேண்டும். ஆண்டவர் காப்பாற்றிய கதையைச் சபை முன் நின்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால், கூட்டாளிகளோடு மூன்றாம் வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கும் ஸ்டீபனின் மானம் போகும். மறைத்தால் இவருடைய முப்பது வருடம் போகும். மனைவி பாக்கியமேரி கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: “சாட்சின்னு நின்னு பொய் சொன்னீங்க, மத்தியானச் சோறு உங்க மாப்ள வீட்லதான்.”

யேசுதாஸ் எழுந்தார். முழங்காலில் ஆரம்பித்து முப்பத்து நான்காவது டிக் வரை, ஒன்று விடாமல் சொன்னார். “உச்சியத் தொட்டது எம் மக” என்று முடித்தார். போதகர், வெற்றிக்கென்று எழுதி வந்த ஜெபத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, முழங்காலுக்காக ஜெபித்தார். மொத்தச் சபையும் உருக்கமாக ஆமென் சொன்னது.

வெளியே வந்ததும் ஸ்டீபன் கிட்டே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“மச்சான், ஷெரின் போட்டோ ஒண்ணு அனுப்புங்க. உச்சியில எடுத்ததா இருக்கட்டும்.”

யேசுதாஸ் நின்ற இடத்திலேயே ஏழு அனுப்பினார்.