சத்தம் போடுகிற மவுஸ்

கண்டி டவுன் கொம்பியூட்டர் கடையில் சுதேஷ் இன்னொரு மவுஸை எடுத்து வைத்தான். டிலானி அதைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அமுக்கிப் பார்த்தாள்.

"இதும் ஊமை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அக்கா, எல்லாரும் சத்தமில்லாததுதான் கேட்டு வர்றாங்க. நீங்க ஒரு ஆள்தான் சத்தத்த தேடுறீங்க."

"எல்லாரும் கல்யாண ஆல்பமா செய்றாங்க?"

சுதேஷ் அடுத்த பெட்டியைப் பிரித்தான். டிலானிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அவள் பிறந்த பன்வில தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலை சுத்தம் என்பதும் தெரியும். கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் ஆல்பம் செய்யப் பழகி, இந்த வருஷம்தான் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு தனியாகத் தொழிலுக்கு இறங்கியிருந்தாள். மற்றவர்கள் மாதிரி ஆட்களை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட மாட்டாள். வீட்டுக்கே போவாள். இரண்டு சம்பந்தி வீட்டாரையும் உட்கார வைத்து, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவாள்.

பார்த்தவர்களுக்குத் தெரியும், அது படம் தெரிவு செய்வதல்ல, இன்னொரு கல்யாணம். யார் படம் நிற்கிறது, யார் படம் போகிறது என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். படம் தேறினால் மவுஸ் 'டக்' என்னும். பின்னால் நிற்பவர்களுக்கும் அது கேட்கும். தீர்ப்பு முடிந்தது, அப்பீல் இல்லை. இந்தச் சத்தத்துக்கு இவ்வளவு மதிப்பென்று டிலானிக்கே தெரியாது, பழைய மவுஸ் பஸ் நெரிசலில் நசுங்கும் வரை.

போன சனிக்கிழமை, அவசரத்துக்கு அழகான, சத்தமில்லாத ஒன்றை வாங்கிக்கொண்டு கெலிஓயாவுக்குப் போனாள். பொன்னையாவின் மகளின் கல்யாணம், அவள் தனியாகப் பிடித்த முதல் பெரிய வேலை. தாயில்லாத அந்த மணப்பெண்ணை வளர்த்தவள் பொன்னையாவின் அக்கா சுப்பம்மா. புருஷனை இழந்தவள் என்பதால் நல்ல காரியங்களில் ஒதுங்கியே நின்று பழகியவள். கல்யாணத்தன்று பெண்தான் அத்தையை மணவறைக்கு இழுத்து வந்து காலில் விழுந்தாள். மாப்பிள்ளை வீட்டாரில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

அந்தப் படம் வந்ததும் டிலானி யோசிக்காமல் அதைத் தெரிவு செய்தாள். சத்தம் வரவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா பெரியதம்பி "சரி, அடுத்தது" என்றார். கரண்டியும் கையுமாகக் குசினி வாசலில் நின்ற சுப்பம்மாவுக்குக் கேட்டது அது மட்டும்தான். படத்தைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்து உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

"எங்க அக்காவ ஒதுக்கிட்டு எனக்கு ஆல்பம் வேணாம்" என்று பொன்னையா எழும்பிவிட்டார். சண்டைக்கு நடுவில் யார் ஸ்கிரீனைப் பார்ப்பார்கள்? டிலானி குசினிக்கே போய், படம் இருக்கிறது என்று சொன்னாள்.

"தள்ளுன படத்த எனக்காக இப்ப போடாதம்மா" என்றாள் சுப்பம்மா.

அந்த வார்த்தைதான் டிலானியைச் சுட்டது. இன்றைக்கு இரண்டாவது தரம் கூடுகிறார்கள். இதுவும் குழம்பினால் வேலையை வேறொரு ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிடுவதாகப் பொன்னையா சொல்லியிருந்தார்.

கடையில் சுதேஷ் கீழ்த் தட்டிலிருந்து தூசு படிந்த ஒன்றை எடுத்தான். "இது சத்தம்னு ரெண்டு பேர் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"அவங்க நல்லா இருக்கட்டும். நீங்க அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி நில்லுங்க."

டக்.

"கேக்குதா?"

"நல்லா கேக்குதுக்கா!"

கெலிஓயாவில் இரண்டு பக்கத்தாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி மேசையில் மவுஸ் ஓடாது. டிலானி ஒரு பழைய கலண்டர் மட்டையைப் போட்டு, முதல் படத்திலிருந்தே தொடங்கினாள். டக். பெரியதம்பி திடுக்கிட்டார். டக், டக் என்று போகப் போக முகங்கள் இளகின. யாரோ சிரித்தார்கள்.

அந்தப் படம் வந்தபோது டிலானி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். குசினிக்குக் கேட்கிற மாதிரி, "பொண்ணு அத்த கால்ல விழுற படம். என்ன செய்வோம், பெரியப்பா? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

பொன்னையா நிமிர்ந்தார். குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

பெரியதம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "இதென்ன கேள்வி? போன தடவையே நான் சரின்னுதானே சொன்னேன்? முழுப் பக்கமா போடு."

டிலானி அமுக்கினாள். டக்.

சுப்பம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். "அந்தப் படத்துல என் சேல ஒழுங்கா இருக்கா?"

"வந்து பாருங்க அத்த."

பெரியதம்பி எழுந்து, முன்னால் இருந்த தன் கதிரையை அவள் பக்கம் தள்ளி வைத்தார். சுப்பம்மா ஒரு கணம் தயங்கினாள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.