காற்றை வகுத்தவள்

பூருலுக்கு மலையைக் கண்டாலே ஆகாது. கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் அவள் வேலை பார்க்கும் அறையின் ஜன்னல் தெற்கே பார்த்தது. வானம் வெளுத்தால் பனிமலை முழுசாக வந்து நிற்கும். அவள் திரையை இழுத்துவிடுவாள். பின்னே, சக்களத்தி முகத்தில் யார் தினமும் விழிப்பார்கள்? குளிர்காலம்தோறும் கட்டிய புருஷனை அந்த மலைதான் வைத்துக்கொண்டிருந்தது.

தோலோகோன் பனியாற்றுக்குப் பக்கத்து வானிலை நிலையத்தில் அளவெடுப்பவன். முதல் பனியில் பாதை மூடினால் வசந்தம் பிறந்து பனி உருகிய பிறகுதான் இறங்குவான். கல்யாணமானதிலிருந்து மார்ச்சில் வரும் நோரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்குக்கூட ஒருமுறையும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவனுடைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவளுக்குத் தூக்கம் வரும்.

அதனால்தான், காற்றை அளக்கும் தானியங்கிக் கருவியை இயக்கும் டிரைவர் என்ற நிரலை எழுத வானிலை அலுவலகம் ஆள் தேடியபோது முந்திக்கொண்டாள். குளிர்காலச் சூறாவளியிலும் கருவி சொல்வதும் தோலோகோன் கையால் அளப்பதும் ஒத்துப்போனால், நிலையத்தில் இனி ஆள் வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. புருஷனை மலையிலிருந்து இறக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆசை அவசரமாயிற்று. கருவியில் இருந்தது முப்பத்திரண்டு பிட் பிராசசர். காற்றாடி சுற்றியதைப் பெருக்கி வரும் எண்ணுக்கோ அதைப்போல இரண்டு மடங்கு அகலம். வகுத்தல் குறி போட்டதும், இவ்வளவு பெரியதை வகுக்க என்னிடம் வழியில்லை என்று, நிரலைக் கருவியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் முரண்டு பிடித்தது. பூருல் எண்ணின் மேல்பாதியை வெட்டி எறிந்துவிட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் வகுக்கச் சொன்னாள். முரண்டு நின்றது. இலையுதிர்காலத்து இளங்காற்றுக்கு அந்தப் பாதியே போதுமாக இருந்தது. இரண்டு அளவும் அச்சாக ஒத்துப்போயின. அவள் மெத்தைக்குப் புது உறை தைத்தாள்.

ஜனவரியில் சூறாவளி வந்தது. தோலோகோன் சாட்டிலைட் போனில் கூப்பிட்டான்.

"உன் கருவி தென்றல் வீசுதுங்குது. இங்க கதவைத் திறந்தா ஆளையே தூக்குது."

"பொய்."

"என்னது?"

"கீழ வர உனக்கு மனசில்ல. அதான் கூட்டிச் சொல்ற."

"கூட்டிச் சொல்ல இதென்ன ஆட்டுச் சந்தையாடி? முள்ளு காட்டினதைச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு ஆத்திரம் தீர அழுதாள். அழுது முடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. காற்று பலத்தால் மட்டும் ஏன் தப்பு வருகிறது? சுற்று கூடினால் எண் கீழ்ப்பாதியில் அடங்காது. வழிந்தது மேல்பாதிக்குப் போகும். அதைத்தானே அவள் வெட்டி எறிந்திருந்தாள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அகலமான எண்ணை வகுக்க கருவியை ஓட்டும் லினக்ஸ் மென்பொருளின் மையமான கெர்னலிலேயே ஒரு வழி இருக்கிறது: மேல்பாதியை முதலில் வகுத்து, மிஞ்சியதைக் கீழ்ப்பாதியோடு சேர்த்து மறுபடி வகுப்பது. பள்ளிக்கூடத்து நெடுவகுத்தல்தான். அதைக் கூப்பிட ஒரு வரி மாற்றினால் போதும். மாற்றி, சாட்டிலைட் வழியாக மலைமேல் இருந்த கருவிக்கு அனுப்பினாள்.

அடுத்த சூறாவளிக்காக இருவரும் காத்திருந்தார்கள். அவள் வேண்டிக்கொண்டு காத்திருந்தாள். அது வந்து போன மறுநாள் போன் அடித்தது.

"ஒத்துப்போச்சு, பூருல். அப்படியே ஒத்துப்போச்சு."

ஆசையாய் வளர்த்த குதிரையை விற்றுவிட்டு வந்தவன் குரலாக இருந்தது அது.

"ஏன் தோலோகோன், அங்க அவ்வளவு பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"அப்ப ஒத்துப்போகலன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே? உன்னை அங்கயே விட்டிருப்பாங்க."



"சொல்லியிருக்கலாம். அப்புறம் இல்லாத தப்பை நீ தேடிக்கிட்டு உட்கார்ந்திருப்ப. தேடித் தேடி அழுவ. அதை நினைச்சா மனசு கேக்கல."