பசியில்லாத மீன்

சால்மன் என்றால் எனக்குத் தகர ரின்னுக்குள் அடைத்து வருகிற மீன்தான். யாழ்ப்பாணத்தில் அதைச் சமன் என்போம். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டினால் பாணுக்கு நன்றாக இருக்கும். ரின்னுக்குள் இருந்தது உண்மையில் வேறு ஏதோ மீன் என்பது இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. உண்மையான சால்மன் உயிரோடு ஆறேறி வருவதை நான் பார்த்தது போன கோடையில்.

நான் இருப்பது பலெர்மோவில் சீசா என்கிற பகுதியில். வேலை கால்சாவில், கடலைப் பார்த்த பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடுகிற எசமானி அம்மாவின் வீட்டில். அவருடைய கணவரை நான் சிஞ்ஞோரே என்றுதான் கூப்பிடுவேன். ஒவ்வொரு கோடையிலும் அவர் தனியாக நோர்வேயின் வடக்கே ஓர் ஆற்றுக்குத் தூண்டில் போடப் போவார். றோட்டு முடிந்து, பிறகு படகில் போகிற இடம் அது. பனிக்காலம் முழுக்க ஜன்னலடியில் இருந்துகொண்டு, சின்ன இடுக்கியில் கொளுக்கியைப் பூட்டி, இறகையும் மயிரையும் நூலால் சுற்றி மீனை ஏமாற்றுகிற பொய் ஈ கட்டுவார். மோஸ்கா என்பார்கள் அதை.

"உன்ரை தலைமயிர் நல்ல கறுப்பு. ரெண்டு இழை தாவன்," என்று ஒருநாள் கேட்டார்.

தலைமயிரைக் கண்ட இடத்தில் போடாதே, செய்வினை செய்துபோடுவினம் என்று சொல்லி வளர்த்தவர் என் அம்மா. ஆனாலும் சீப்பில் இருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"இதிலை மீன் பட்டால் பாதி எனக்கு," என்றேன்.

"நான் பிடிக்கிறதை எல்லாம் திருப்பி ஆத்திலை விட்டிடுவன். அதிலை பாதியை எடுத்துக்கொள்."

போன கோடைக்கு மூன்று வருசத்துக்கு முன் போனவர் திரும்பவில்லை. தூண்டில் தடி கல்லிடுக்கில் கிடந்தது, தொப்பி ஒரு வளைவில் ஒதுங்கியிருந்தது. ஆள் கிடைக்கவில்லை.

சிஞ்ஞோரா துக்கத்துக்குக் கறுப்பு உடுக்கவில்லை, தேவாலயத்தில் பூசை வைக்கவில்லை. மத்தியானம் மேசையில் சிஞ்ஞோரேக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைக்கச் சொல்வார். இடுக்கியில் பாதி கட்டின ஈ, என் மயிரும் தொங்கத் தொங்க, அப்படியே இருந்தது. தூசி தட்டும்போது அதைச் சுற்றித்தான் தட்டவேண்டும். "செத்தவன்தான் அழப் பழக்குவான் எண்டு எங்கடை சிசிலியிலை ஒரு சொல் இருக்கு. உன்ரை சிஞ்ஞோரா இன்னும் பழகேல்லை," என்றார் கீழ்வீட்டு மனுசி. எனக்கு எங்கள் ஊர்ச் சொல்தான் வந்தது: ஆத்திலை ஒரு கால், சேத்திலை ஒரு கால்.

சிரிக்கவும் முடியாது. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். போர் முடிந்த நாட்களில் காணாமல் போன என் அண்ணனுக்கு அம்மா இன்றுவரை படைக்கவில்லை. "படைச்சால் நாங்களே அவனைச் சாக்காட்டின மாதிரி," என்பார். சாப்பிட முதல் ஒரு பிடி சோற்றைக் காகத்துக்கு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அது செத்துப்போன அப்பாவுக்கும் மற்றவர்களுக்கும். அண்ணன் அந்தச் சோற்றில் சேர்த்தி இல்லை. சீசாவில் என் வீட்டுப் பல்கனியில் காகம் வராது, கடற்காகம்தான் வரும். அதற்கும் வைப்பேன். சிஞ்ஞோராவுக்கு இதையெல்லாம் பாத்திரம் கழுவிக்கொண்டே கதையாகச் சொல்லியிருக்கிறேன்.

அவரும் தன் ஊர் வழக்கத்தைச் சொன்னார். பலெர்மோவில் நவம்பர் இரண்டாம் தேதி, செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மையும் விளையாட்டுச் சாமானும் ஒளித்துவைத்துவிட்டுப் போவார்கள். குழப்படி செய்த பிள்ளைகளின் பாதத்தைச் சீஸ் துருவியால் துருவிவிடுவார்களாம். அதனால் பிள்ளைகள் முதல்நாளே துருவியை ஒளித்துவிடும். சிஞ்ஞோராவின் பேத்திக்கு ஏழு வயது. போன கோடைக்கு முந்தின நவம்பரில் எல்லாச் சாமானும் செத்துப்போன பெரிய பாட்டியின் பேரில் வந்திருக்கிறதைப் பார்த்துவிட்டு, நொன்னோ என்று அவள் கூப்பிடுகிற தன் தாத்தாவைக் கேட்டாள்:

"நொன்னோ எனக்கு ஒண்டும் கொண்டுவரேல்லையோ?"

"நொன்னோ ஆத்திலை நிக்கிறார்," என்றார் சிஞ்ஞோரா.

"அப்ப அவர் உயிரோடையும் வாறேல்லை, செத்தும் வாறேல்லை."

சிஞ்ஞோரா நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த கோடை தொடங்கியதும், "நான் அந்த ஆத்துக்குப் போறன். நீயும் வா," என்றார்.

"எனக்கு நீந்தத் தெரியாது, சிஞ்ஞோரா."

"நான் உன்னை நீந்தவோ கூப்பிட்டனான்? சமைக்க வா."

புறப்படுகிற அன்று அந்தப் பாதி ஈயை இடுக்கியில் இருந்து கழற்றி, பஞ்சில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார்.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்பார்கள். அந்த ஆற்றங்கரையில் கோடையில் ராத்திரியிலும் இருட்டே இல்லை. சூரியன் மலைக்குப் பின்னால் போவதுபோல் பாசாங்கு செய்துவிட்டுத் திரும்பி வந்துவிடும். மனித வாடை இல்லை. தண்ணீரின் சத்தம் மட்டும், பக்கத்து அறையில் ஆட்கள் கூடிக் கதைப்பதுபோல. எங்களுக்கு ஒரு மரவீடு. அதன் வெளிச்சுவரில் சிஞ்ஞோரே விட்டுப்போன ஒரு றப்பர் காற்சட்டை தொங்கியது. ஆற்றுக்குள் இறங்கி நிற்கப் போடுவது, நெஞ்சுவரை ஏறும். காற்று உள்ளே போனால் கால் இரண்டும் வீங்கி, அசல் ஒரு ஆள் நிற்பதுபோல் நின்று ஆடும். தண்ணீர் அள்ளப் போகிற ஒவ்வொரு முறையும் நான் அதைச் சுற்றி விலகிப் போவேன். சிஞ்ஞோராவோ அதைக் கடக்கும்போது கையால் தொட்டுவிட்டுப் போவார்.

ஆற்றுக்குக் காவலாக ஒரு மனிதர் இருந்தார். தொப்பியை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். சிஞ்ஞோரா இளமையில் பழகி மறந்துபோன தூண்டில் எறிதலை அவர் திரும்பப் பழக்கினார். கயிற்றை முதலில் பின்னால் எறிந்து, அது நீளமாக விரியும்வரை பொறுத்து, பிறகுதான் முன்னால் விடவேண்டும். பொறுக்காமல் இழுத்தால் எல்லாம் சுருண்டு தலையில் விழும். சிஞ்ஞோராவுக்குத் தலையில்தான் விழுந்தது. பாதி ஈயைப் பார்த்ததும் காவல்காரர் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்னவாம்?" என்று சிஞ்ஞோராவைக் கேட்டேன்.

"இது ஈயில்லையாம், கிழிஞ்ச துணியாம். பரவாயில்லையாம், சால்மன் எப்பிடியும் தின்ன வாறேல்லையாம். கடலை விட்டு ஆத்துக்குள்ளை வந்தாப் பிறகு அது ஒண்டும் தின்னாதாம்."

"பசியில்லாத மீன் ஏன் கடிக்குது?"

சிஞ்ஞோரா கேட்டுச் சொன்னார். "ஒருத்தருக்கும் தெரியாதாம். கோவமா இருக்கலாமாம். இல்லாட்டி, சின்னனிலை இந்த ஆத்திலை பூச்சி திண்ட ஞாபகமாம்."

அந்தப் பேச்சு எனக்குள் இருந்து அரித்தது. தின்னாத வாய்க்குத்தான் நாங்களும் வைக்கிறோம்.

நாட்கள் போயின. ஒன்றும் கடிக்கவில்லை. ஒருநாள் காவல்காரர் கறிக்கென்று இரண்டு ட்ரவுட் மீன் கொண்டுவந்து தந்தார். நான் ஊர்த்தூளும் புளியும் போட்டுக் குழம்பு வைத்தேன். வாசம் எழும்ப எனக்கே உயிர் வந்தது. கை பழக்கத்தில் ஒரு பிடி சோற்றில் குழம்பு விட்டுக் கொண்டுபோய் வெளியே ஒரு கல்லில் வைத்தேன். எங்கள் காகத்தைவிடப் பெரிய கறுப்புப் பறவை ஒன்று, இத்தனை நாளும் காணாதது, அக்கரையில் இருந்து நேரே பறந்து வந்து இறங்கியது.

சிஞ்ஞோரா வாசலில் நின்றிருந்தார்.

"ஆருக்கு வைச்சனி?"

"அப்பாவுக்கு."

"பொய். உன்ரை அப்பாவுக்கு இந்த ஆறு தெரியுமோ?"

நான் கையை உடுப்பில் துடைத்தேன்.

"அவர் சாகேல்லை! உன்ரை அண்ணனுக்கு நீ வைக்கிறேல்லை. என்ரை மனுசனுக்கு மட்டும் வைக்கிறியோ?"

கல்லில் இருந்த சோற்றைக் கையால் தட்டிவிட்டார். பறவை ஓரமாய் எழும்பி, திரும்பவும் இறங்கி, புல்லில் சிந்தியதைப் பொறுக்கியது. அவர் தடியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். நான் கொஞ்சம் பின்னால் போனேன். கிட்டப் போகப் பயம், விட்டுவிட்டு இருக்கவும் பயம்.

அவர் எறிந்தார். கயிறு பின்னால் விரியும்வரை பொறுத்தார். எறிந்தார். ஆறு போகிற பக்கமாய் ஒரு காலடி வைத்தார். திரும்ப எறிந்தார். கோபமோ என்னவோ, அன்று ஒருமுறைகூடத் தலையில் விழவில்லை. பிறகு தடி வளைந்தது. சிஞ்ஞோரா கத்தவில்லை. "ஆ, நீயோ," என்றார், மெதுவாக, கதவைத் திறந்தவர் தெரிந்த முகத்தைக் கண்டதுபோல.

காவல்காரர் வலையோடு ஓடிவந்தார். நெடுநேரம் இழுபட்டுக் கரைக்கு வந்த மீன் என் கை நீளம் இருந்தது. வாயோரத்தில் அந்தக் கிழிஞ்ச ஈயும் என் மயிரும். ஈயைக் கழற்றியதும், மீனைத் தண்ணீருக்குள்ளேயே, தலை மேலாற்றைப் பார்க்கப் பிடித்திருக்கச் சொன்னார். களைத்த மீனுக்கு மூச்சு வரவேண்டும். அதுவாகப் போகிறவரை விடக்கூடாது, போகும்போது பிடிக்கவும் கூடாது. சிஞ்ஞோரா முழங்காலில் நின்று இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மீன் வாலை ஒருமுறை ஆட்டியது. இன்னொரு முறை ஆட்டியது. சிஞ்ஞோராவின் விரல்கள் இறுகுவதைக் கண்டேன்.

பிறகு விரல்கள் விரிந்தன.

"போங்கோ," என்றார். இத்தாலியனில் மரியாதையாக, வெளி ஆளுக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

திரும்பி வந்து, சட்டைக் கை நனைந்தபடியே, சுவரில் தொங்கிய றப்பர் காற்சட்டையை இறக்கினார். காற்றை வெளியே அமர்த்தி, ஒரு பிள்ளையின் உடுப்பை மடிப்பதுபோல் மடித்தார். பிறகு சட்டியைத் திறந்து தானே ஒரு கோப்பையில் சோறும் குழம்பும் போட்டுக் கல்லடிக்குக் கொண்டுபோனார். இந்த முறை நான் வெளியே போகவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி காலை, சீஸ் துருவியைக் காணாமல் நான் குசினியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பேத்தி முதல்நாளே ஒளித்துவிட்டாள். அவள் வீடெல்லாம் ஓடித் தேடி, ஜன்னலடியில், வெறும் இடுக்கிக்குப் பக்கத்தில், சீனிப் பொம்மையையும் சிஞ்ஞோரே கட்டின ஈக்கள் அடுக்கிய தகரப் பெட்டியையும் கண்டெடுத்தாள்.

"இது ஆர் கொண்டுவந்தது?"

"நொன்னோ," என்றார் சிஞ்ஞோரா.

பிள்ளை பெட்டியைப் பார்த்தாள், பாட்டியைப் பார்த்தாள். "அப்ப நொன்னோ செத்துப்போனாரோ?"

"ஓம் குஞ்சு."

"இண்டைக்கு வந்தவரோ?"

"வந்தவர்."

பிள்ளை பொம்மையின் சீனித் தொப்பியைக் கடித்தாள். அந்தக் கறுமுறுச் சத்தத்தைக் கேட்டுத்தான் சிஞ்ஞோரா அழத் தொடங்கினார். மூன்று வருசத்து அழுகை. கீழ்வீட்டு மனுசிக்கும் கேட்டிருக்கும்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, வரும் வழியில் வாங்கின ஒரு துண்டு மீனைக் குழம்பு வைத்தேன். அடுப்பை அணைக்க, அம்மா ஊரிலிருந்து போன் எடுத்தார்.

"என்ன சமைச்சனி?"

"சால்மன், அம்மா. ரின் இல்லை, பச்சை மீன்."

"உன்ரை அண்ணனுக்குச் சமன் எண்டால் உயிர். அவன் வரேக்கை சமைச்சுக் குடு."

"ஓம் அம்மா."

சோற்றில் ஒரு பிடி எடுத்துக் குழம்பு விட்டேன். பல்கனிக்குப் போனபோதுதான் யாரை நினைத்து எடுத்தேன் என்பது எனக்கே தெரிந்தது. கம்பியில் ஒரு கடற்காகம் இருந்து என் கையையே பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். கனநேரம் நின்றுவிட்டு, மூடின கையோடு உள்ளே வந்தேன்.