றஸ்மி மெதுவாக வாசிக்கப் போனான்

இல்லை, அது பொய். பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடினான் என்று பக்கத்து வீட்டு நஸீறா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னதைத் தெரு முழுவதும் நம்பினால் நம்பட்டும். ஓடுகிறவன் பட்டப்பகலில், முன்வாசலால், மாமிக்கு ஸலாம் சொல்லிவிட்டா போவான்? ஓட்டம் அவனிடம் இருந்தது உண்மை. காலில் இல்லை, விரலில் இருந்தது. அதைச் சொல்லாமல் றஸ்மியைப் பற்றிக் கதைப்பவர்கள் அரைக் கதைதான் கதைக்கிறார்கள்.

றஸ்மி பாலமுனைக்காரன். சாய்ந்தமருதில் நுஸ்ஹாவைக் கலியாணம் முடித்து, நம் வழக்கப்படி பெண் வீட்டிலேயே வந்து குடியிருந்தான். வீடு நுஸ்ஹாவின் பெயரில். கூட இருந்தது அவளுடைய தாய் ஆமினா உம்மா. பிரிட்ஜும் ஏசியும் திருத்துவது அவன் தொழில். கல்முனை பஸாரில் சின்னக் கடை. வாய் குறைந்த மனிதன், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. கட்டாரில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்த காலத்தில், கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரன் ஒருவனிடம் கிற்றார் பழகிக்கொண்டு வந்துவிட்டான். குற்றம் அவ்வளவுதான்.

கிற்றார் என்றதும் இளந்தாரிகள் கடற்கரையில் கூடிக் கத்துகிற பாட்டை நினைக்க வேண்டாம். இவனுடையதில் வாய்ப்பாட்டே இல்லை. வெள்ளைக்காரர் எந்தக் காலத்திலோ எழுதிவைத்த துண்டுகள்; பெயர்கள் நம் வாய்க்குள் நுழையாது. பெருவிரல் கீழே ஒரு கதை சொல்லும், மற்ற விரல்கள் மேலே வேறொரு கதை சொல்லும். இரண்டும் சண்டை பிடிக்காமல் சேர்ந்து போக வேண்டும்.

வீட்டுக்குள் வாசிக்கலாம், வெளியே கேட்கப்படாது. இது ஆமினா உம்மா போட்ட சட்டம். பள்ளியில் வாங்கு சொன்னால் நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பின்னேரம் அஸர் தொழுது வந்து, தேத்தண்ணீர் குடித்து, கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு இருந்தால், மஃரிபுக்கு முன் முடித்தாக வேண்டும். அதற்குள்ளும் யாராவது தெருவாசல் கடப்பைத் திறந்து வளவுக்குள் வந்தால், கிற்றார் கட்டிலுக்கடியில் போகும். வருகிறவர்கள் மாமியின் சொந்தக்காரர்கள். மரம் இடிபடும் சத்தம் கேட்டு, மருமகன் உள்ளே தச்சு வேலை செய்கிறாரா என்று கேட்டுச் சிரிப்பார்கள். எல்லாத் துண்டுகளையும் அவன் அப்படித்தான் பழகினான்: ஒரு காது தந்தியில், மற்றக் காது கடப்பில்.

கொழும்பில் ஓர் இசைப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கிற்றார் பழக்க ஆள் தேடுகிறார்கள் என்று போனில் கண்டான். வாசித்துப் பதிந்து அனுப்பினான். கலியாணம் முடித்த நாளிலிருந்து, இது வேண்டும் என்று வாய் திறந்து அவன் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்டான். இது கிடைக்க வேண்டும் என்று நுஸ்ஹாவிடம் சொன்னான், கடையில் இருக்கும்போது தன் கை தன்னுடையது மாதிரி இல்லை என்றும் சொன்னான்.

அங்கிருந்த மிஸ் குரலாகவே பதில் அனுப்பினார். விரல் சுத்தம், சத்தமும் நல்லது. ஆனால் இது துக்கமான துண்டு. நீங்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி இதை வாசித்திருக்கிறீர்கள். ஒரு சத்தம் அடங்கி முடியுமுன் அடுத்ததை வைக்க வேண்டும், சரி. அதற்காக முதலாவது வாயைத் திறக்கும்போதே பிடித்துத் தள்ளக்கூடாது. நேரில் வந்து சரியான வேகத்தில் வாசித்துக் காட்டுங்கள், பிறகு பார்ப்போம் என்றார்.

வீட்டில் நிம்மதி போனது அன்றோடு. போனில் டிக், டிக் என்று தாளம் தட்டும் ஒன்றை வைத்துக்கொண்டு வாசித்தான். டிக்கை மெதுவாக்கினால் இவன் அதை முந்தினான். இன்னும் மெதுவாக்கினால் தந்தியின் சத்தம் இடைவழியில் செத்துப்போய், பாட்டு ஓட்டுக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மாதிரித் தனித்தனியாக விழுந்தது. கூட்டினான், குறைத்தான், எழும்பி நடந்தான், திரும்பவும் இருந்தான். அறைக்குள் கிடந்த நெல் மூட்டைகள்தான் சத்தத்தைக் குடிக்கின்றன என்று அவற்றை ஒருநாள் விறாந்தைக்கு இழுத்துப் போட்டான். சத்தம் நீண்டது. விரல் ஓடியபடிதான். கடற்கரைக்குக் கொண்டுபோனான், காற்று ஒன்றையும் கேட்க விடவில்லை.

நஸீறாவுக்கு மதிலில் நிற்காவிட்டால் சோறு செமிக்காது.

"என்னகா நுஸ்ஹா, ஒங்கட வீட்டுப் பல்லிக்கு வருத்தமா? ஒரே டிக் டிக் எண்டு கிடக்கு."

"வருத்தமில்ல கா. ஒட்டுக்கேக்கிற ஆக்கள எண்ணிக்கொண்டிரிக்கி," என்றாள் நுஸ்ஹா.

மாவடிப்பள்ளியில் சொந்தத்தில் ஒரு கலியாணம் வந்தது. ஆமினா உம்மா போனார். நுஸ்ஹா தலையிடி என்று நின்றுவிட்டு, இன்றைக்கு ஒருவரும் வர மாட்டார்கள், ஆறுதலாக வாசியுங்கள் என்று புருசனிடம் சொல்லிவிட்டுக் குசினிக்குள் இருந்தாள். நடுப்பகுதி வரை நன்றாகத்தான் வந்தது. பிறகு, நீண்ட சத்தம் ஒன்றில் நிற்க வேண்டிய இடத்தில், நிற்காமல் பாய்ந்தான். அவள் எழும்பி வந்து அறை வாசலில் நின்று, திரும்ப வாசிக்கச் சொன்னாள். திரும்பவும் அதே இடத்தில் பாய்ந்தான்.

"யாரு வந்த?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் வரல்லயே."

"பின்ன என்னத்துக்கு ஓடுறீங்க? அந்த இடம் வந்தா ஒங்கட கண்ணு முன் கதவுக்குப் போகுது மச்சான். சாத்தின கதவு எந்த நேரமும் திறபடும் எண்டு பயந்துதான் இரிக்கிறீங்க."

அவன் கிற்றாரை மடியில் படுக்க வைத்தான். கொழும்பில் ஓர் அறை எடுத்து, மிஸ்ஸிடம் போகும் வரை அங்கேயே வாசித்துப் பழகப் போவதாகவும், வேலை கிடைத்தால் அங்கேயே தங்கி லீவுக்கு வருவதாகவும், மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். அவள் கூடப் போக முடியாது. வீடும் அவளுடையது, உம்மாவும் அவளுடைய பொறுப்பு. இருவருக்கும் அது தெரியும். ஆக்கிய சோறு அப்படியே இருந்தது.

ஆமினா உம்மா ஏசினார், அழுதார். வீட்டு மாப்பிள்ளை பையோடு கடப்பைத் தாண்டினால் தலாக் என்றுதான் ஊர் சொல்லும், உன்னை எந்தச் சபையில் இருத்துவேன் என்று கேட்டார்.

"ஊர் சொல்லட்டும் உம்மா," என்றாள் நுஸ்ஹா. "அவர் இங்க இரிந்தும் இல்லாத மாதிரித்தானே இரிக்காரு. போய் முழு ஆளா வரட்டும்."

போகிற காலையில் கடப்படியில் நஸீறாவோடு நாலைந்து பேர் நின்றார்கள். றஸ்மி அதைக் கண்டு, பின்பக்க ஒழுங்கையால் போய்விடலாம் என்று பையைத் தூக்கினான். நுஸ்ஹா பையை வாங்கிக் கீழே வைத்தாள். முன் கதவின் இரண்டு பலகையையும் திறந்தாள், ஜன்னல்களைத் திறந்தாள், கதிரையை இழுத்து வாசலுக்கு நேரே போட்டாள்.

"இரிந்து வாசிங்க. எல்லாரும் வந்துட்டாங்க, இனி வாறத்துக்கு ஒருத்தரும் இல்ல."

ஆமினா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குசினிக்குள் போனார். ஆனால் சட்டி பானை ஒன்றும் சத்தம் போடவில்லை.

றஸ்மி கடப்படியை ஒருதரம் நன்றாகப் பார்த்தான். பிறகு குனிந்து கையைப் பார்த்தான். டிக் இல்லை. கீழ்த் தந்தி தன்பாட்டில் நடந்தது, மேலே இருந்தது அதற்குப் பக்கத்தில் நடந்தது. அந்த நீண்ட சத்தம் வந்தபோது நின்றான். அது மெலிந்து மெலிந்து போனது. போய் முடியுமுன், தள்ளாமல், அடுத்ததை வைத்தான். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசித்தான். திரும்பவும் நின்றான்.



அவன் எழும்பினான். பிடித்துக்கொண்ட வேகம் கொழும்பு போகுமுன் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் முகத்தில் தெரிந்தது. கிற்றாரை உறைக்குள் போட்டு, குசினிப் பக்கம் திரும்பி ஸலாம் சொன்னான். உள்ளிருந்து ஆமினா உம்மாவின் பதில் ஸலாம் தெளிவாக வந்தது. நுஸ்ஹா பையை அவன் தோளில் மாட்டிவிட்டாள்.

கடப்படியில் நஸீறா மறித்துக் கேட்டாள். "எப்ப மருமகன் திரும்பி வாற?"

றஸ்மி நின்று யோசித்தான். உண்மையில் அவனுக்கே தெரியாது.

"பஸ் போகப் போகுது, வழிய விடுங்ககா," என்றாள் நுஸ்ஹா.

அவர்கள் விலகினார்கள். அவன் வெளியே போனான்.